உறவு ஏதும் இல்லை என்று பதிவாயிற்று

அத்தியாயம் 14

மனிதகுலம் இதுவரை செய்த ஆசனங்களில் நீதியாசனத்துக்கு மேலானது எதுவுமில்லை. அரசர்கள் அதன் முன் தலை குனிந்திருக்கிறார்கள். அதில் அமர்பவன் மண்ணில் இருந்தபடியே மற்ற மனிதர்களுக்குச் சற்று மேலே மிதக்கிறான்.

கோல்வின் நகரத்து நீதியாசனம் மிதப்பதில்லை, இறங்கும். மூடிப்போன செருப்புக் கடைக்காரர் விட்டுச்சென்ற சுழல் நாற்காலி அது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் பெருமூச்சு விட்டபடி கீழே போய்விடும். நீதிமன்றமே அந்தச் செருப்புக் கடைதான். ஒரு பக்கம் சலவை நிலையம், மறு பக்கம் நகத்துக்குச் சாயம் பூசும் கடை. தீர்ப்பு வாசிக்கும்போது சுவருக்கு அப்பால் யாருடைய போர்வையோ தடதடவென்று உலர்ந்துகொண்டிருக்கும்.

அந்த ஆசனத்தில் ஏழாவது வருடமாக அமர்ந்திருக்கிறார் மாண்புமிகு பெர்னார்ட் ஹுடாக். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அதே ஊரின் போலீஸ் தலைவர். தலைவர் என்றால் அவருக்குக் கீழே மூன்று பேர். அதில் ஒருவர் பகுதி நேரம். பென்சில்வேனியாவில் இந்த மட்டத்து நீதிபதி வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஊர் ஓட்டுப் போட வேண்டும். நான்கு வாரம் வகுப்பில் உட்கார்ந்து தேர்வில் தேற வேண்டும். ஹுடாக் தேறினார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். 'நான்கு வாரம்' என்ற வரியைச் சட்டத்தின் விளிம்பு மறைத்துவிட்டது. தற்செயல்தான் என்கிறார்.

போன வியாழக்கிழமை மகள் ரெனாட்டாவின் வீட்டு வாசலில் இன்றைய போலீஸ் தலைவர் டேல் மெர்ட்ஸின் வண்டி நின்றதை அவர் பார்த்தார் அல்லவா? பார்த்தவர் இறங்கவில்லை. தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் டேல் வெறுங்காலோடு வெளியே வந்து குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். ஹுடாக்கின் போலீஸ் மூளை உடனே துப்புத் துலக்கிவிட்டது. நீதிபதி மூளை 'சாட்சியம் போதாது' என்று தள்ளுபடி செய்துவிட்டது.

ஒரு வாரம் போயிற்று. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாத நாள். காலை எட்டு மணிக்கே மனைவி லொரெய்ன் மேலங்கி மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். தீயணைப்பு நிலையக் கூடத்தில் வெள்ளிதோறும் மீன் வறுவல் விருந்து. உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்கும் பெண்கள் அணிக்கு அவள்தான் தலைவி.

"பெர்னி, இன்னிக்கு டேல் உங்கிட்ட வர்றாராமே?"

"எங்கிட்ட யாரும் வர்றதில்ல. நீதிமன்றத்துக்கு வர்றாங்க."

"சரி, உன் நீதிமன்றத்துக்கு. அவரைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஹுடாக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். வலது உள்ளங்கையை உயர்த்தினார். இருபத்திரண்டு வருடம் லாரிகளை நிறுத்திய கை அது.

"நிறுத்து. வழக்குல சம்பந்தப்பட்ட ஆளைப் பத்தி, எதிர்த்தரப்பு இல்லாதப்ப, நீதிபதிகிட்ட தனியா பேசக் கூடாது. விதி."

"இது சமையலறை, பெர்னி."

"விதியில இடம் குறிப்பிடல."

"எதிர்த்தரப்புக்கு இப்ப நான் எங்க போவேன்? ரொட்டி வாட்டற மெஷின வேணா பக்கத்துல உக்கார வெக்கவா?"

"லொரெய்ன், இது விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடல. ஏழு வருஷமா நீ எங்கிட்ட பேசறதே வெண்ணெய எடு, விளக்க அணைன்னுதான். இன்னிக்கு நான் பேச வந்தா அதுக்கும் விதியா?"

"வழக்கு முடியட்டும். அப்புறம் சொல்லு."

"இன்னிக்கே முடிஞ்சுடுமா?"

"அதைப் பத்தியும் பேச முடியாது."

லொரெய்ன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு, கொதித்து அடங்கிய பாத்திரத்தை இறக்குகிறவள்போல அவர் வழுக்கையில் மெல்லக் கை வைத்து எடுத்துவிட்டுப் போய்விட்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஹுடாக் தன் கருப்பு அங்கியைத் தானே தேய்த்துக்கொண்டார்.

மீன் வறுவல் விருந்து ஒரு காலத்தில் அவர் ராஜ்ஜியம். எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்று, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே வறுத்துப் போட்டவர். நீதிபதிக்கான விதிப் புத்தகத்தில், நிதி திரட்டும் காரியத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. மீன் தின்னக் கூடாது என்று எங்கும் இல்லை. ஹுடாக் விதியைவிட விறைப்பாக இருந்துவிட்டார். சட்டியை விட்டார், பிறகு மேசையை விட்டார், பிறகு அந்தத் தெருவையே விட்டார். வெள்ளிக்கிழமை மதியம் காற்று மேற்கிலிருந்து வீசினால் நீதிமன்றத்துக்குள் மீன் வாசனை வரும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். சில நாள் சாத்த மறந்துவிடுவார்.

தேர்தலில் ஜெயித்த மறுநாள் வழக்கம்போல உணவகத்து வட்ட மேசைக்குப் போனார். ஆறு பேர், முப்பது வருடச் சிநேகம். ஒருவர் தன் பார்க்கிங் அபராதச் சீட்டைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார். ஹுடாக் எழுந்தார், பாதிக் காப்பியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். அன்றோடு சரி. இப்போது காலையில் காரில் போகும்போது ஜன்னல் வழியாகக் கையசைப்பார். உள்ளேயிருந்து ஐந்து பேர் கையசைப்பார்கள். ஆறாமவர் இறந்துபோனதை அவர் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஊர் அவரிடம் ஒன்றை மட்டும் பிடுங்கவில்லை. கோல்வினில் இன்னும் அவர்தான் 'சீஃப்'. தபால்காரர், மளிகைக் கடைப் பெண், பாதிரியார், எல்லோருக்கும். "இப்ப ஜட்ஜ்" என்று திருத்துவார். ஆனால் திருத்துவதற்கு முன் அரை விநாடி தாமதிப்பார். அந்த அரை விநாடிதான், நாள் முழுவதிலும் யாரோ தோளில் கை போட்டதுபோல இருக்கும் நேரம். உண்மையான சீஃபை ஊர் 'டேல்' என்று கூப்பிட்டது. டேலும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பத்து மணிக்கு வழக்கு எடுக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் வெண்டல் கிரேபோ. ஹுடாக் கையால் மட்டும் பதினான்கு முறை கைதானவர். மூடிக்கிடக்கும் பட்டு ஆலையின் கதவுப் பூட்டை உடைத்து உள்ளே போய்ச் செப்புக் குழாய்களைக் கழற்றியதாக இப்போது புகார். அவருக்காக அரசுச் செலவில் வாதாட வந்தவள் கிளேர் ஓடெல். வெளியூர்க்காரி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். இந்த நீதிமன்றத்தில் நடப்பதை யாரும் பதிவு செய்வதில்லை என்று கேள்விப்பட்டு, சுருக்கெழுத்துக்கார அம்மாள் ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

ஹுடாக்குக்கு அது பிடித்திருந்தது. தான் பேசுவதை ஒருவர் எழுதிக்கொள்வது என்பது சாதாரண விஷயமா?

சாட்சிக் கூண்டில் டேல். நாற்பது வயது, பெரிய கைகள், காதுவரை சிவக்கும் சுபாவம். இன்று ஏனோ உட்கார்ந்ததுமே சிவந்திருந்தார்.

"பட்டாலையோட கிழக்குக் கதவ எப்படிப் பாத்தீங்க?" ஓடெல் கேட்டாள்.

"திறந்து கிடந்துது. பூட்டு கீழ விழுந்திருந்துது."

"உடைஞ்சு விழுந்துதா, துருப்பிடிச்சு விழுந்துதா?"

"உடைச்ச மாதிரிதான் தெரிஞ்சுது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, சீஃப். அந்தக் கதவு என்னிக்காவது பூட்டிக்கிச்சா?"

"பூட்டவே பூட்டாது. கைப்பிடியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கீழ ஒரு உதை விட்டா திறந்துக்கும்."

பதில் தயங்காமல், கணீரென்று வந்தது. வந்த திசைதான் சரியில்லை. மேலே, ஆசனத்திலிருந்து வந்தது.

சுருக்கெழுத்து அம்மாள் விரல்களை நிறுத்தினார். "மன்னிக்கணும். இதைச் சொன்னது யாருன்னு போடறது?"

ஹுடாக் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேல் வாய் பாதி திறந்தபடி இருந்தது. வெளியூர்ப் பெண், சீஃப் என்ற சொல்லுக்கு இந்தக் கட்டிடத்தில் யார் திரும்புவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"சீஃப்னே போடுங்கம்மா!" வெண்டல் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்துவிட்டார். "உள்ளதச் சொன்னார் பாருங்க! அந்த உதைய நான் கத்துக்கிட்டதே இவர்கிட்டதான். தொண்ணூத்தெட்டுல என்னைப் பிடிக்க வந்தப்ப விட்டார் ஒண்ணு. அடடா, என்ன கால்!"

"வெண்டல், உக்காருங்க," என்றாள் ஓடெல்.

"பாராட்டக் கூடவா கூடாது?"

"உக்காருங்க." அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். குரலில் மரியாதை குறையவில்லை, அதுதான் சங்கடம். "யுவர் ஆனர், நீதிமன்றமே சாட்சி சொல்லிட்டதால கேக்க வேண்டியிருக்கு. இவர் உக்காந்திருக்கற பதவியில நீங்க இருந்திருக்கீங்க. இவரோட உங்களுக்கு ஏதாவது உறவு இருக்கா? நட்பு, குடும்பம், எதுவா இருந்தாலும் சரி. இருந்தா இந்த வழக்க வேற நீதிபதிக்கு மாத்தச் சொல்லிக் கேக்கப் போறேன். இது மட்டும் இல்ல, டேல் மெர்ட்ஸ் கையெழுத்துப் போட்ட எல்லா வழக்கையும்."

கோல்வினில் வழக்கு என்றால் டேல் கையெழுத்துப் போட்டதுதான். அவற்றை எடுத்துவிட்டால் ஹுடாக்குக்கு மிஞ்சுவது செருப்புக் கடை.

"யுவர் ஆனர்," டேல் தொண்டையைச் செருமினார். "அதுல நான் ஒண்ணு சொல்ல—"

வலது உள்ளங்கை உயர்ந்தது.

"சாட்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும். கேள்வி இப்ப என்னைத்தான் கேட்டிருக்காங்க." ஹுடாக் நிமிர்ந்தார். உதைக்காக வெட்கப்பட்ட மனசு, இழந்ததை ஒரே மூச்சில் மீட்டுவிடத் துடித்தது. "அம்மா, ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க. டேல் மெர்ட்ஸோட எனக்கு ரத்த உறவு இல்ல. மண உறவு இல்ல. நட்பும் இல்ல. இவரோட மட்டும் இல்ல, இந்த ஊர்ல யாரோடயும் இல்ல. ஏழு வருஷமா நான் ஒருத்தர் வீட்டுலயும் சாப்பிட்டதில்ல. ஒருத்தர் மேசையிலயும் உக்காந்ததில்ல. என் பிறந்த நாளுக்கு யாரும் வர்றதில்ல, நானும் கூப்பிடறதில்ல. இந்த நாற்காலிக்கு வேற என்ன தகுதி வேணும்?"

சலவை நிலையத்து உலர்த்தி அந்த நேரம் பார்த்து நின்றுபோயிற்று. கைதட்டலை எதிர்பார்க்கும் இடமில்லை அது. என்றாலும் ஏதோ ஒன்றை அவர் எதிர்பார்த்தார். ஓடெல் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டாள். டேல் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டார்.

"பாவம் சீஃப்," என்றார் வெண்டல், யாரிடமும் இல்லாமல்.

அம்மாள் அதையும் தட்டிக்கொண்டார். வழக்கு அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மதியம் அவர் பின்னறையில் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரித்தார். சுவர் முழுக்கப் பழைய செருப்புப் பெட்டி அடுக்குகள். 'ஆண்கள் 9', 'ஆண்கள் 10' என்ற சீட்டுகளுக்குக் கீழே கோப்புகள். தன் சொற்பொழிவை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறந்த நாளைச் சேர்த்திருக்க வேண்டாம்.

பின்கதவு திறந்தது. ரெனாட்டா. பள்ளி நர்சுக்கான அட்டை கழுத்தில் தொங்க, முடியில் ஈரப்பனியோடு, கையில் பியரோகிப் பெட்டியோடு. வேலை நேரத்தில் அவள் இங்கே வந்ததே இல்லை. ஹுடாக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்துகொள்ள நேரம் பிடித்தது.

"வா, வா. உக்காரு. ஆண்கள் ஒன்பது மேல சாஞ்சுடாத, விழுந்துடும்."

"அப்பா, டேல் போன் பண்ணினார்."

"எந்த டேல்?"

"அப்பா."

"சாட்சி, வழக்கு நிலுவையில இருக்கும்போது—"

"கையத் தூக்கினீங்கன்னா கடிச்சு வெச்சுடுவேன்." அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். "அவர் வண்டியில உக்காந்துக்கிட்டு அழாத குறையா பேசறார். நீங்க கோர்ட்ல சொன்னீங்களாமே, மண உறவு இல்லன்னு. அதை அந்த அம்மா எழுதிக்கிட்டாங்களாமே."

"ஒரு எழுத்து விடாம," என்றார் ஹுடாக்.

"இருக்குப்பா."

"என்ன இருக்கு?"

"மண உறவு. நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

அவர் கையிலிருந்த ரொட்டியைக் காகிதத்தின்மேல் திரும்ப வைத்தார். அதன் விளிம்பைக் காகிதத்தின் விளிம்போடு நேராக்கினார். கேட்க நூறு கேள்வி இருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"தவக்காலத்துலயா?"

ரெனாட்டா சிரித்துவிட்டாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, தவக்காலத்துலதான். பாதிரியார் மாட்டேன்னுட்டார்."

"யார் நடத்திவெச்சது? மில்பர்ன் நீதிபதியா?" பக்கத்து ஊர் நீதிபதியை அவருக்கு ஆகாது. ஹுடாக் இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு திருமணங்களை நடத்திவைத்திருக்கிறார். 'எனக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தால்' என்ற இடத்தில் குரலை ஒரு படி இறக்குவார். அந்த இடத்தில் மணப்பெண்கள் அழுவதுண்டு. தன் மகளுக்காக அந்த இறக்கத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

"யாரும் நடத்திவெக்கல. நடத்திவெக்கறவர் வேண்டாத உரிமம்னு ஒண்ணு இருக்கே, நம்ம மாநிலத்துல. பாதிரியாரே இல்லாத குவேக்கர் சபைக்காரங்களுக்காக வெச்சது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும், ரெண்டு சாட்சி இருந்தா போதும். பாதிரியாரும் வேண்டாம், ஜட்ஜும் வேண்டாம்."

"எனக்குத் தெரியும் அந்த உரிமம்," என்றார். தெரியும். வகுப்பில் மூன்றாவது வாரம் சொன்னார்கள். அப்போது சிரித்தார்.

"உங்ககிட்ட சொல்லிட்டா அந்த நிமிஷத்திலிருந்து டேலோட ஒரு வழக்கையும் நீங்க தொட முடியாது. நீங்களும் தொட மாட்டீங்க. நீங்க எப்படின்னு எனக்குத் தெரியாதா? அப்புறம் காலையில எழுந்து எங்க போவீங்க? உங்களுக்கு இதை விட்டா என்னப்பா இருக்கு?"

அவளுக்குக் கொடுமை செய்யும் எண்ணம் இல்லை. மருந்து போடுகிறவளின் குரல்தான். ஹுடாக் பெட்டி அடுக்குகளைப் பார்த்தார்.

"எத்தனை நாள் மறைக்கறதா இருந்தீங்க?"

"அம்மா சொன்னாங்க, மறைக்கவே வேண்டியதில்லன்னு. நீங்களா எதையும் யார்கிட்டயும் கேக்க மாட்டீங்கன்னு. ஆனா இன்னிக்கு டேல் கூண்டுல ஏறணும்னதும் அவங்களுக்கே பயம் வந்துடுச்சு. காலையில சொல்லிடறேன்னாங்க. சொன்னாங்களா?"

ரொட்டி வாட்டும் மெஷின் அவர் நினைவுக்கு வந்தது.

"விசாரணையில இருந்ததால..." என்று ஆரம்பித்தார்.

வெளியே, ஜன்னலுக்கு அப்பால், போலீஸ் வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. டேல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் வருவார். ஹுடாக் கூப்பிடலாம். இந்த அறைக்குள் ஏழு வருடத்தில் யாரும் சாப்பிட வந்ததில்லை. பெட்டியில் மூன்று பேருக்குப் பியரோகி இருந்தது, வெண்ணெயில் வதங்கிய வெங்காயத்தோடு, இன்னும் சூடாக. கூப்பிட்டால் அந்தச் சாப்பாடு உண்டு. அந்த ஆசனம் இல்லை. கூப்பிடாமல், ரெனாட்டா வந்ததையே மறந்துவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் மேலே உட்காரலாம். எழுதி வைத்த பொய்யின்மேல்.

மேசை இழுப்பறையைத் திறந்து நீதிமன்ற முத்திரை போட்ட தாள் ஒன்றை எடுத்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"மாவட்டத் தலைமை நீதிபதிக்கு எழுதறேன். பதிவுல தப்பா ஒண்ணு ஏறிடுச்சு."

"அனுப்பிட்டா அவ்வளவுதான்பா. எல்லா வழக்கையும் எடுத்துடுவாங்க."

"அனுப்பறேன்னு சொல்லல. எழுதறேன்."

இருபத்திரண்டு வருடம் குற்ற அறிக்கை எழுதிய கை, நேர்க்கோட்டில் போயிற்று. 'சாட்சி டேல் மெர்ட்ஸ் என் மகளின் கணவர் என்பதை இன்று மதியம் 12.40 மணிக்கு அறிந்தேன்.' கணவர் என்ற சொல்லுக்கு முன் பேனா சற்று நின்றது, அவ்வளவுதான்.

"கல்யாணம் நடந்த தேதி வேணும்," என்றார், தலை நிமிராமல்.

ரெனாட்டா கைப்பையிலிருந்து உரிமத்தின் நகலை எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் வைத்தாள். இரண்டு பெயர்கள். நடத்திவைத்தவர் என்று ஒரு வரியே அதில் இல்லை. முதல் சாட்சி டேலின் அக்கா. இரண்டாம் சாட்சி லொரெய்ன் ஹுடாக். பள்ளிக்கூடப் பிள்ளைபோல வட்ட வட்டமான அவளுடைய கையெழுத்து. கீழே தேதி: பிப்ரவரி 24, சனிக்கிழமை.

ஹுடாக் தேதியைக் கடிதத்தில் எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்து பேனாவை மூடினார்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை ரெனாட்டாவின் நாயைப் பார்த்துக்கொண்டது அவர்தான். இரண்டு முறை வெளியே நடக்கக் கூட்டிப்போனார்.